என் வாயாக இருந்தவர்

இதை எழுத வேண்டும் என்று நான் நினைக்கத் தொடங்கி எத்தனையோ வருசம் போய்விட்டது. தாளை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், பிறகு அடுப்பில் ஏதோ கிடக்கிறது என்று எழும்பிவிடுவேன். எழுதினால் வீட்டு விசயத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தவள் ஆவேன். எழுதாவிட்டால் நடந்ததற்கெல்லாம் சம்மதித்தவள் ஆவேன். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இவ்வளவு காலமும் இருந்தேன்.

போன மாதம் கோயிலில் ஒரு புருசன் பெண்சாதியைக் கண்டேன். அவருக்குப் பாரிசவாதம் வந்து வாய் கொஞ்சம் கோணியிருந்தது. நான் அவரைப் பார்த்து, “எப்பிடி இருக்கிறியள் ஐயா?” என்று கேட்டேன். அவர் வாயைத் திறக்க முதல் மனைவி, “நல்ல சுகமாம், ஒரு குறையும் இல்லையாம்” என்று சொல்லிவிட்டார். அவர் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த பார்வை அது. அன்றைக்கே வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வலது கை எழுதாது, இடது கையால்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், மூன்றாம் மாடி. என் கணவர் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை. ஒரே மகள் சுகந்தி, அவள் ஒரு கம்பனியில் வேலை செய்துகொண்டிருந்தாள். நான் கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். இவ்வளவு காலம் கொழும்பில் இருந்தும் சிங்களம் எனக்கு மரக்கறிக்காரரோடு விலை கேட்கிற அளவுதான். ‘கீயத’ என்றால் எவ்வளவு, ‘ஹரி’ என்றால் சரி, ‘எபா’ என்றால் வேண்டாம். மிச்சமெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். வங்கி, பொலிஸ், ஆஸ்பத்திரி எங்கே போனாலும் அவர் கதைப்பார், நான் பக்கத்தில் நிற்பேன். அது எனக்கு ஒரு குறையாகவே தெரிந்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. முழுகிவிட்டுச் சுவாமிக்குப் பூ வைத்து, சம்பலுக்குத் தேங்காய் துருவக் குந்தினேன். பாதித் தேங்காய் கையிலிருந்து நழுவிக் கதவு வரைக்கும் உருண்டு போனது. எடுக்கக் கையை நீட்டினேன். நீட்டினேன் என்றுதான் நினைத்தேன். கை மடியிலேயே கிடந்தது. அது என்னுடைய கை என்று எனக்குத் தெரிகிறது, கைக்குத்தான் தெரியவில்லை.

“இஞ்சேருங்கோ” என்று கூப்பிட்டேன். வந்த சத்தம் எனக்கே விளங்கவில்லை.

அவர் சவரம் எடுத்த முகத்தோடு ஓடிவந்தார். “வாய்வாக்கும், பயப்பிடாதை” என்று இஞ்சி இடித்துத் தந்தார். அது கடைவாயால் வழிந்தது. தைலம் பூசினார். மகள் வந்து பார்த்துவிட்டுத்தான் கத்தினாள், “அப்பா, அம்மான்ர வாய் ஒரு பக்கம் போகுது! ஓட்டோ பிடியுங்கோ!” பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மத்தியானம் ஆகிவிட்டது. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் நல்லது என்று டொக்டர் சொன்னாராம். அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. அது தெரியாமல் செய்தது. தெரிந்து செய்தது பிறகு வருகிறது.

பாரிசவாதம் என்றால் என்ன என்று எனக்கு விளங்கின மாதிரிச் சொல்கிறேன். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாயில் ஒரு சின்னக் கட்டி போய் அடைத்துக்கொள்கிறது. அடைத்த இடத்துக்கு அப்பால் இரத்தம் போகாது, அந்தத் துண்டு பட்டுப்போகும். இடப்பக்க மூளைதான் வலப்பக்க உடம்பை ஆளுகிறது. எனக்கு இடப்பக்கம் அடைத்ததால் வலது கை, வலது கால், வலப்பக்க முகம் மூன்றும் போயின. நாக்கும் இழுத்துக்கொண்டது. புத்தி தெளிவாக இருந்தது. சொல்ல நினைக்கிற சொல் நெஞ்சில் முழுசாக நிற்கும், வாயால் வரும்போது கரைந்த கூழாகத்தான் வரும்.

ஆஸ்பத்திரி வாட்டில் நான் கதைப்பது ஒருவருக்கும் விளங்கவில்லை. நேர்ஸ்மாருக்கு விளங்கவில்லை, பெற்ற மகளுக்கே பாதிதான் விளங்கியது. என் கணவருக்கு மட்டும் விளங்கியது. நான் “ஆ…” என்று தொடங்க முதல், “யன்னலைச் சாத்தவோ? குளிருதோ?” என்பார். சரியாக அதுதான் இருக்கும். மூத்திரச் சட்டி கேட்க எனக்கு வெட்கம். அதையும் என் கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்து நேர்ஸிடம் சிங்களத்தில் சொல்வார். பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மா ஒருவர் தன் மகனுக்கு என் புருசனைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்வார். “என்னவாம்?” என்று கண்ணால் கேட்டேன். “உன்ர மனிசன் மாதிரி ஒருத்தன் கிடைக்கத் தவம் செய்திருக்க வேணுமாம்” என்று சொல்லிச் சிரித்தார். மொழிபெயர்த்ததும் அவர்தான், பாருங்கோ. இப்போது யோசித்தால் அந்த அம்மா அப்படித்தான் சொன்னாரா என்று கூட எனக்குத் தெரியாது.

ஆனால் அவர் செய்ததைச் செய்யவில்லை என்று நான் எழுத மாட்டேன். கடை முடிந்து நேரே வாட்டுக்கு வருவார். மருந்துக் குளிசை சுற்றி வந்த தாளில் கோயில் திருநீறு மடித்துக் கொண்டுவந்து, எனக்குப் பூசி, எனக்குப் பதிலாகச் சிவசிவா என்றும் சொல்வார். கஞ்சியைக் கரண்டியால் பருக்குவார். தொண்டையில் சிக்கினால் முதுகைத் தடவுவார். நான் விட்ட மிச்சத்தைத்தான் அவர் குடிப்பார். மூளையைப் படம் பிடிக்கிற ஸ்கான் வெளியே எடுக்க வேண்டி வந்தது. அந்தச் செலவுக்கு என் காப்பு அடகுக்குப் போனது எனக்குத் தெரியாது. மகள் சொல்லித்தான் தெரியும். சொல்லாமல் செய்தது அன்றைக்கு எனக்கு அன்பாகத் தெரிந்தது.

உடம்பு கொஞ்சம் தேறி, எழுந்து உட்காரத் தொடங்கிய பிறகு என்னைச் சக்கரக் கதிரையில் வைத்துக் கீழ்மாடியில் ஒரு பெரிய மண்டபத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கேதான் மிஸ்ஸைக் கண்டேன். உடம்பை அசைக்கப் பழக்குகிறவர், சிங்களப் பிள்ளை, என் மகளை விடக் கொஞ்சம் மூத்தவர். தமிழ் உடைத்து உடைத்துக் கதைப்பார். அந்த மண்டபத்தில் கட்டிலும் கம்பியும் மட்டுமில்லை, ஒரு வட்டமாகக் கதிரைகள். அங்கே ஆண்களும் பெண்களுமாக உட்கார்ந்து பந்தைக் கைமாற்றுவார்கள், இடுப்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ப்பார்கள், மரத்தில் மாங்காய் பறிக்கிற மாதிரிக் கையை எட்டுவார்கள். மிஸ் நடுவில் நின்று கைதட்டுவார். முதல்நாள் பார்க்க எனக்கு ஏதோ நர்சரிப் பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது.

மிஸ் சிங்களத்தில் சொன்னதை என் கணவர் எனக்குத் தமிழில் சொன்னார். பட்டுப்போன துண்டு திரும்பி உயிர்க்காது. ஆனால் அதற்குப் பக்கத்தில் இருக்கிற துண்டுகள் அந்த வேலையைப் பழகும். உடம்பு திரும்பத் திரும்பச் செய்து காட்டினால்தான் பழகும். முதல் மாதங்களில்தான் நன்றாகப் பழகும். மூளை இப்போது ஈரச் சீமெந்து மாதிரி, காய முதல் அடையாளம் போட வேண்டும்.

எனக்குப் பக்கத்துக் கதிரையில் மாளிகாவத்தை ஹாஜியார் ஒருவர். அவருக்கு நடுக்குவாதம். அந்த வருத்தத்தில் கை நடுங்குவது மட்டுமில்லை, நடக்க நினைத்தால் பாதம் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும். தரையில் கோடு போட்டு, தாளம் தட்டினால் நடப்பார். அவர்தான் என்னை முதலில் சிரிக்க வைத்தவர்.

“தங்கச்சி, ஒங்கட கால் வட்டம் போட்டுப் போகுது. என்ட கால் போகவே மாட்டேங்குது. நம்ம ரெண்டு பேரையும் ஒடச்சு ஒட்டினா ஒரு முழு ஆள் தேறும்.”

மிஸ் திரும்பி, “ஹாஜியார், பேச்சு மட்டும் நல்லா நடக்குது. கால் எங்க?” என்று அதட்டுவார்.

என்னால் தாளத்துக்குக் காலை வைக்க முடியவில்லை. மிஸ் தட்டும்போது கால் பிந்தும். ஒருநாள் இரண்டு கம்பிக்கு நடுவில் நின்று, பயத்தில் பஞ்சாட்சரத்தைச் சொல்லிக்கொண்டு காலை வைத்தேன். ந என்று ஒன்று, ம என்று ஒன்று. கால் வந்தது! மிஸ் என் உதட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். “அம்மா, அது என்ன பாட்டு? அதே பாடுங்க” என்றார். அதற்குப் பிறகு மிஸ் கைதட்டவில்லை. நான் சிவனைக் கூப்பிட்டேன், அவன் காலைத் தூக்கித் தந்தான். அந்த ஐந்தெழுத்தை மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லப் போய் நாக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் புரளத் தொடங்கியது.

கை அப்படி வரவில்லை. மிஸ் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பார்: இந்தக் கை, இந்தக் கால் உங்களுக்கு எதற்கு வேண்டும்? ஹாஜியார் தொழுகையில் குனிந்து நிமிர வேண்டும் என்றார். நான் என் நாக்கோடு மல்லுக்கட்டி ஒன்று சொன்னேன். என் கணவர் அதை மிஸ்ஸுக்குச் சிங்களத்தில் சொன்னார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. நான் சொன்னது இதுதான்: என் மகளின் கலியாணத்தில் நான் தாரை வார்க்க வேண்டும்.

எங்கள் கலியாணங்களில் தகப்பன் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் கொடுக்கும்போது, தாய்தான் செம்பிலிருந்து தண்ணீர் வார்க்க வேண்டும். தாய் வார்க்காமல் தானம் நிறையாது. வலது கையால் வார்க்க வேண்டும். மிஸ் அதைக் கேட்டுவிட்டு அடுத்தநாள் ஒரு சின்னப் பித்தளைச் செம்பு கொண்டுவந்தார். எங்கே வாங்கினாரோ தெரியாது. முதலில் வெறும் செம்பைப் பிடித்தேன். பிறகு கொஞ்சம் தண்ணீரோடு பிடித்தேன். துண்டு வெட்டி என்னை வீட்டுக்கு விட்ட பிறகும் கிழமையில் மூன்று தரம் ஓட்டோவில் போய் வந்தேன். ஒருநாள் செம்பு மேசையிலிருந்து ஒரு விரற்கடை மேலே எழும்பியது. ஹாஜியார் நடுங்குகிற கையால் கைதட்டினார். கைதட்டல் நிற்கவே இல்லை. “நிப்பாட்ட ஏலாது தங்கச்சி, அது தானா ஓடுது” என்றார்.

அந்த நாட்களில்தான் லண்டன் சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், சாதகம் பொருந்தியது, பையனுக்கு நிரந்தர வேலை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். “பேச்சுக்கால் நடக்குது, ஆறுதலாப் பாப்பம்” என்று அவர் சொன்னார்.

பிறகு ஒருநாள் பயிற்சி முடிந்து, அவர் மிஸ்ஸோடு கொஞ்சம் விலகி நின்று கதைத்தார். சிங்களம். நான் சக்கரக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மிஸ் தலையை ஆட்டி ஆட்டி மறுக்கிற மாதிரி இருந்தது. அவர் என்னைக் கைகாட்டி ஏதோ சொன்னார். அதற்குள் ‘எபா’ என்ற சொல் எனக்குக் கேட்டது. அது எனக்குத் தெரிந்த சொல். மிஸ் என்னிடம் வந்து, குனிந்து, கன்னத்தைத் தடவி, “பரவாயில்ல அம்மா” என்றார். கண் நிறைந்திருந்தது. போய்விட்டார்.

ஓட்டோவில் நான் கேட்டேன், “என்ன எபாவாம்?”

“இனிப் பயிற்சி வேண்டாமாம்” என்றார். “நரம்பு களைச்சுப் போகுமாம். இனி ஓய்வெடுத்தால் தானாச் சரிவருமாம். அவவுக்கும் வேற ஊருக்கு மாற்றமாம். அதுதான் அழுதவ.”

நான் நம்பினேன். ஏன் நம்பாமல் விடப்போகிறேன்? என் வாய் அவர்தானே.

எங்கள் மாடியில் லிஃப்ட் அடிக்கடி பழுதாகும். அதைச் சொல்லி என்னை வத்தளைக்கு, அவருடைய அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். நிலத்தோடு இருக்கிற வீடு, முற்றம் இருக்கிறது, எனக்கு வசதி என்றார்கள். அந்தச் சண்டைக் காலத்தில் ஒரு வீட்டில் இன்னொருவர் வந்து தங்கினால் பொலிசில் பதிய வேண்டும். பதிந்தார்கள். பாரிசவாத நோயாளி, ஓய்வுக்கு வந்திருக்கிறார் என்று. பொலிசுக்கு உண்மை சொன்னார்கள்.

அந்த அக்கா, என் மச்சாள், என்னை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. குளிப்பாட்டினார், தலை இழுத்துக் கட்டினார், இடியப்பத்தைப் பிசைந்து தீத்தினார். நான் கட்டில் விளிம்பைப் பிடித்து எழும்பினால், “ஐயோ பவானி, விழுந்து கிழுந்து துலைச்சால் தம்பிக்கு நான் என்ன பதில் சொல்லுறது? படு, படு” என்று அமத்திப் படுக்க வைப்பார். கை தானாகச் சரிவரும் என்று படுத்திருந்தேன். கை சரிவரவில்லை. விரல்கள் உள்ளே சுருண்டன. முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியது. இந்த இறுக்கத்தைப் பற்றி மிஸ் முந்தியே சொல்லியிருந்தார்: அசைக்காமல் விட்ட தசை, காய்ந்த தோல் மாதிரிச் சுருங்கிவிடும், பிறகு விரிக்க முடியாது. ஆனால் மிஸ்ஸே ஓய்வெடுக்கச் சொன்னார் என்றால் நான் யாரை நம்புவது? ஏதோ ஒன்று பிழைக்கிறது என்று மனம் சொல்லும். உடனே, குருவைச் சந்தேகிக்கிறாயா என்று நானே என்னை அதட்டுவேன்.

வாசலில் வாகனம் நின்றால் என்னைப் பின்னறைக்குத் தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். நோயாளியைச் சனம் பார்த்துக் கண்ணூறு படும் என்றார்கள். ஒருநாள் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்து மச்சாள் போனில் கதைப்பது கேட்டது.

“ஓமோம், அவ இந்தியாவிலதான். சிதம்பரம் முடிச்சு, ராமேஸ்வரம் போய், இப்ப மதுரையில நிக்கிறாவாம். பெரிய பக்திக்காரி, எல்லாத் தலமும் பாத்திட்டுத்தான் வருவாவாம்.”

யாரோ கொடுத்து வைத்தவள் என்று நினைத்தேன். எனக்கும் இந்தக் கால் ஒருநாள் வந்தால் சிதம்பரம் போக வேண்டும் என்று நேர்ந்துகொண்டேன். அந்தக் கொடுத்து வைத்தவள் நான்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுகந்தி வழக்கமாக வருகிற நாள். மச்சாள் கோயிலுக்குப் போயிருந்தார். அவள் ஒரு கவரிலிருந்து படங்களை எடுத்துக் கட்டிலில் பரப்பினாள். எங்கள் வெள்ளவத்தை வீட்டு ஹோல். மகள் சேலையோடு. பக்கத்தில் தெரியாத முகங்கள். பெண் பார்த்து, தட்டு மாற்றி, எல்லாம் முடிந்திருந்தது.

“அம்மா, அவை உங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தவை. நீங்கள் சொன்ன மாதிரியே இந்தியாவில எண்டு நாங்கள் சொன்னனாங்கள்” என்றாள்.

நான் சொன்ன மாதிரியா? என் முகத்தைப் பார்த்து அவளுக்கு ஏதோ விளங்கியது. “நீங்கள்தானே அப்பாவிட்டச் சொன்னீங்கள்? ‘என்ர வருத்தம் தெரிஞ்சால் பரம்பரை நோய் எண்டு பிள்ளையின்ர சம்பந்தம் குழம்பும், கலியாணம் முடியுமட்டும் என்னை மறைச்சு வையுங்கோ, மிஸ்ஸிட்டயும் போக மாட்டன், அங்க ஆக்கள் கண்டிடுவினம்’ எண்டு? அப்பா சொல்லி அழுதவர், அம்மா. உங்களிட்ட இதைக் கதைச்சால் இன்னும் நொந்துபோவீங்கள் எண்டவர். நானும் அழுதனான்.”

நான் “இல்லை” என்றேன். அந்தச் சொல் மட்டும் அன்றைக்குத் தெளிவாக வந்தது.

பிள்ளை படங்களை அள்ளிக் கவருக்குள் போட்டாள். பிறகு எழுந்து போய் ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் அன்றைக்கே தகப்பனிடம் கணக்குக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். இல்லை, என்னை வெள்ளவத்தைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தகப்பன் கேட்டதற்கு, அம்மாவுக்கு வீட்டு நினைப்பு வந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். அடுத்தநாள் காலை ஆஸ்பத்திரிக்கு.

மிஸ் அங்கேதான் இருந்தார். எந்த ஊருக்கும் மாற்றம் போகவில்லை. என்னைக் கண்டதும் ஓடிவந்தவர், என் கையை எடுத்துப் பார்த்தார். விரலை ஒவ்வொன்றாக விரிக்கப் பார்த்தார்.

“அம்மா தானே வேணாம் சொன்னது?” என்றார். “அம்மாட புருசன் மஹத்தயா சொன்னாங்க, அம்மாக்கு ஆம்பிள ஆக்கள் முன்னால ஒடம்பு ஆட்ட வெக்கம், சாமி குத்தம் எண்டு. நான் சொன்னேன், பொம்பிள மட்டும் வர நாள் வைக்கிறேன் எண்டு. அப்பவும் அம்மாக்கு வேணாம் எண்டாங்க. அம்மா எனக்கு முன்னாலயே இருந்தீங்க. ஒண்ணும் பேசல்ல. நான் நெனச்சேன் சரி எண்டு.”

எனக்கு முன்னால்தான் சொன்னார். என்னைக் கைகாட்டித்தான் சொன்னார். நான் பஞ்சாட்சரம் சொல்லி நடந்த மண்டபத்தில் நின்று, என் சாமியின் பேரால் சொன்னார்.

ஹாஜியார் கோட்டுக்கு மேல் நின்றபடி கூப்பிட்டார், “தங்கச்சி, எங்கள்ட மொகம் புடிக்காமப் போயிட்டீங்க எண்டு நெனச்சேன்.” நான் இல்லை என்று தலையாட்டினேன். அதற்கு மேல் அவரும் பகிடி சொல்லிச் சிரிக்க வைக்கவில்லை.

கால் பழையபடி வரும் என்றார் மிஸ். கையைப் பற்றிக் கேட்டேன். “பாப்பம் அம்மா” என்றார். தமிழில் அவருக்கு வேறு சொல் தெரியாமல் இல்லை.

அன்று பின்னேரம் என் கணவர் கடை முடிந்து வந்தார். நான் ஹோலில் உட்கார்ந்திருந்தேன். சுகந்தி என் பக்கத்தில். அவர் சப்பாத்தைக் கழற்றாமலே நின்றார்.

“பிள்ளைக்காகத்தான் செய்தனான்” என்றார். “நல்ல இடம். ஒரு சொல் போனால் சம்பந்தம் போயிடும். கொஞ்ச நாளைக்குத்தானே எண்டு நினைச்சன். கை இப்பிடிப் போகும் எண்டு கனவிலயும் நினைக்கேல்லை.”

“என்னட்டக் கேட்டிருக்கலாமே” என்றேன்.

அவருக்கு விளங்கியது. வழக்கம்போல அவருக்குத்தான் முதலில் விளங்கியது. ஆனால் சாப்பாட்டுக்கு என்ன செய்ய என்று கேட்டார்.

கேட்டிருந்தால் நான் ஒருவேளை ஓம் என்றே சொல்லியிருப்பேன். பிள்ளைக்காக ஒரு கையைக் கொடுக்காத தாய் இருக்கிறாளா? அந்த ஓமைத்தான் அவர் எனக்கு மிச்சம் வைக்கவில்லை. நான் கொடுத்திருக்கக்கூடியதை என்னிடமிருந்து எடுத்துவிட்டு, நான் கொடுத்ததாக ஊருக்குச் சொன்னார். அடி வாங்கியிருந்தால் கூட இப்படி நொந்திருக்காது.

மாப்பிள்ளையின் தாயார் அப்போது கொட்டாஞ்சேனையில் தன் தங்கச்சி வீட்டில் தங்கியிருந்தார். நான் மகளோடு அங்கே போனேன். என் கணவரிடம் கேட்கவில்லை. நாலுகால் பொல்லை ஊன்றி, ஓட்டோவிலிருந்து அவர்கள் வாசல் வரைக்கும் எழுத்தெழுத்தாகச் சிவனைக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தேன். மகளிடம் சொல்லி வைத்திருந்தேன்: நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ வாய் திறக்கக் கூடாது.

சொல்ல நேரமெடுத்தது. எச்சில் வழிந்தது. துடைத்துத் துடைத்துச் சொன்னேன். எனக்குப் பாரிசவாதம். நான் இந்தியாவுக்குப் போகவில்லை. வத்தளையில் பின்னறையில் இருந்தேன்.

அந்த அம்மா எழும்பி உள்ளே போனார். பிறகு சுவாமி மேசையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து வந்தார். “அப்ப இது? சிதம்பரத்தில இருந்து நீங்கள் அனுப்பினது எண்டு உங்கட அவர் தந்தவர். நாங்கள் ஒவ்வொரு நாளும் பூசிறம்.”

எங்கள் ஒழுங்கை முனைக் கடைப் பொட்டலம். எனக்குத் தெரியாதா? பொய் சொன்னார், சரி. அதற்குத் திருநீற்றையுமா சாட்சிக்குக் கூப்பிட்டார்? அதையும் சொன்னேன். காலி வீதிக் கடையில் வாங்கியது என்று.

அந்த அம்மா பொட்டலத்தைப் பிரித்து, எடுத்து, என் நெற்றியில் பூசினார். “திருநீறு எங்க வாங்கினாலும் திருநீறுதான்” என்றார். பிறகு கொஞ்சம் கோபமாக, “என்ர அம்மாவும் இதாலதான் கட்டிலில கிடந்து போனவ. எங்களிட்ட ஒரு சொல் சொல்லியிருந்தால் நாங்கள் என்ன ஓடியா போயிருப்பம்? விசர் வேலை பாத்திருக்கிறார் உங்கட மனிசன்” என்றார்.

சம்பந்தம் குழம்பவில்லை. குழம்பியிருந்தால் கூட என் கைக்கு ஒரு விலை இருந்தது என்று மனம் ஆறியிருக்கும். ஒன்றுக்கும் இல்லாமல் போனது.

கலியாணம் வரைக்கும் மிஸ்ஸிடம் போனேன். கால் வந்தது. கை, மிஸ் பிடித்தால் விரியும், விட்டால் சுருளும். கலியாண நாள் மண்டப வாசலிலிருந்து மணவறை வரைக்கும் நானே நடந்தேன். தாரை வார்க்கிற நேரம் வந்தது. அவர் மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்துப் பிடித்தார். ஐயர் செம்பை எடுத்து, என் சுருண்ட கையைக் கண்டு தயங்கினார். நல்ல மனிதர், மெதுவாகத்தான் கேட்டார், “அம்மா, நீங்களே வார்ப்பீங்களோ, இல்லாட்டி மச்சாள் வார்க்கட்டோ?”

என் கணவர் திரும்பிக் கூடப் பார்க்காமல் சொன்னார், “அக்கா வார்க்கட்டாம்.”

வேண்டுமென்று சொன்னதில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பழகிப்போன வாய். ஆனால் அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்த மனிதருக்குத் தான் என்ன செய்தார் என்பது இன்னும் தெரியாது.

“நான் அப்பிடிச் சொல்லேல்லை” என்றேன்.

குழறித்தான் வந்தது. ஆனால் முன்வரிசை முழுக்கக் கேட்டது. மேளக்காரர் கூடத் திரும்பிப் பார்த்தார். என் கணவரின் முகம் கறுத்தது. நான் செம்பின் கழுத்தைச் சுருண்ட விரல்களுக்குள் மகளின் மற்றக் கையால் செருக வைத்து, இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கித் தூக்கினேன். பாதித் தண்ணீர் அவருடைய வேட்டியில் போனது. மிச்சம் மூன்று பேரின் கையிலும் விழுந்தது. ஐயர் போதும் என்றார். நான் செம்பு காலியாகும் வரைக்கும் வார்த்தேன்.

மகள் லண்டனில் சுகமாக இருக்கிறாள். நான் அவரோடுதான் இருக்கிறேன். இன்றைக்கும் காலையில் அவர்தான் தேத்தண்ணி போட்டுத் தருவார், நல்ல தேத்தண்ணி. குடிக்கிறேன். சுவாமிக்கு முன்னால் இருக்கும்போது இந்த மனதை இளக்கித் தா என்று கேட்கிறேன். இன்னும் தரவில்லை. தரும்போது தரட்டும்.

இந்த வருத்தம் வந்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், கேள்வியை அவரிடம் கேளுங்கள். அவர் மூச்சைப் பிடித்து, நாக்கைப் புரட்டி, ஒரு சொல்லைக் கொண்டுவரும் வரைக்கும் காத்திருங்கள். எச்சில் வழிந்தால் வழியட்டும். பயிற்சி வேண்டுமா வேண்டாமா என்பதை அவர் வாயால் வாங்குங்கள்.

நான் இதை எழுதுவது அவருக்குத் தெரியும். நேற்று வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். “எழுத்துப் பிழை கனக்க இருக்கு. நான் திருத்தி, வடிவா எழுதித் தரட்டே?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

உங்களுக்கும் அதேதான் சொல்கிறேன். இதை வேண்டியவர்களுக்குக் கொடுங்கள், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆனால் பவானி இப்படித்தான் சொல்ல வந்திருப்பாள் என்று ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதை நானே சொல்லிவிட்டேன்.